மரியசெல்வம் பிடித்த ஒரே கட்லா

என் தம்பி மரியசெல்வத்துக்கு வயது நாற்பத்து மூன்று. அரிமளம் கடைத்தெருவில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். திங்கள் முதல் சனி வரை டியூப்பும் டயரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் ஊர் நெடுங்கண்மாய். தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டான். பதினோரு வயதில் ஆரம்பித்த பழக்கம். இத்தனை வருஷத்தில் அவன் வெறுங்கையோடு வீடு திரும்பியது ஏழு முறைதான். எட்டு முறை என்பாள் அவன் மனைவி ஷர்லி. அவள் சொல்லும் எட்டாவது முறை, மீனை வழியில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அதைச் சேர்க்கக் கூடாது.

தண்ணீரைப் பார்த்தே அடியில் என்ன நிற்கிறது என்று சொல்லுவான். நான் ஒன்பதாவதோடு நின்றவள், அவன் எட்டாவது. மீன் விஷயத்தில் அவனுக்கு மேல் படித்தவரை நான் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் கண்மாய்க்கு அரசாங்க வேன் வந்தது. ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில் கட்லா, ரோகு குஞ்சுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இனிமேல் கண்மாயில் மீன் பெருகும், ஊருக்கே நல்ல மீன் கிடைக்கும் என்று ஒருவர் மைக்கில் பேசினார். பையை அவிழ்த்துக் கொட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்கள். அடுத்த வருஷமும் அதே வேன், அதே பேச்சு. இரண்டு முறையும் சேர்த்து நாற்பதாயிரம் குஞ்சு என்று கரையில் பலகை நட்டார்கள்.

அதில் ஒன்றுகூட யார் தூண்டிலிலும் மாட்டவில்லை. ஆனால் கண்மாயில் இருந்த விரால்கள் மட்டும் தொடை கனத்துக்கு வளர்ந்தன.

"நல்ல திட்டம்ண்ணே. நம்ம விராலெல்லாம் கவர்மெண்டு சோறுல்ல தின்னுது" என்பான் மரியசெல்வம்.

பக்கத்தில் தூண்டில் போடுகிற வீரய்யா, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், சிரிப்பார். "சத்தமா சொல்லாதப்பா. கேட்டா நிப்பாட்டிருவாங்க."

இந்த மாசியில் மீன்வளத் துறையிலிருந்து அமராவதி மேடம் வந்தார். நல்ல பெண், வெயிலைப் பார்க்காமல் கரை முழுக்க நடந்தார். விட்ட மீன் வளர்ந்திருந்தால் கண்மாயைக் குத்தகைக்கு விடுவார்களாம். பிறகு குத்தகைதாரர் தவிர வேறு யாரும் வலையோ தூண்டிலோ போடக் கூடாது. வளரவில்லை என்றால் திட்டம் வேறு கண்மாய்க்குப் போய்விடும், எங்கள் கரை பழையபடியே இருக்கும்.

வலை விட்டுப் பார்த்தார்கள். அடியில் கிடந்த கருவேலங்கட்டையில் மாட்டி வலை இரண்டாகக் கிழிந்தது.

"இங்க நல்லா மீன் பிடிக்கிறவங்க யாருங்க?" என்று மேடம் கேட்டார். நான் உட்பட அங்கே கூடியிருந்த பதினான்கு பேரும் ஒரே ஆளைக் காட்டினோம்.

"ஒரே ஒரு மீன் போதுங்க. அளந்து எழுதிட்டுப் போயிருவேன்."

தூண்டில் எடுக்கப் போனவனின் காதில் வீரய்யா சொன்னார்: "மண்புழுவக் கோத்து ஓரத்துல போடு. ரெண்டு ஜிலேபிக் கெண்டையத் தூக்கிக் காட்டு. அம்புட்டுத்தான், அவங்க வண்டியேறிருவாங்க."

"எனக்குத் தெரியாதாண்ணே?"

சொன்னபடியே செய்தான். முதலில் ஒரு ஜிலேபி, பிறகு ஒரு கெளுத்தி, மறுபடியும் ஜிலேபி. மேடம் பேனாவை எடுத்தார். வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் மடைப் பக்கம் தண்ணீர் ஒரு சுழி சுழித்து அடங்கியது. தம்பி அதைப் பார்த்தான். பார்த்ததை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் டப்பாவில் கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை இருந்தது. கட்லாவுக்கு அதுதான் இரை. அவன் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஜீப் டிரைவர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பேரு பெத்த பேரா இருக்குங்க மேடம். ஜிலேபிய நான்கூடத் துணி போட்டுப் பிடிப்பேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "யாரப் பாத்துய்யா சொல்ற? அந்தா மடைக்கிட்ட நிக்கிறது கட்லா. என் தம்பி நெனச்சா அஞ்சே நிமிசத்துல தூக்கிருவான்."

"எங்க, தூக்கச் சொல்லுங்கக்கா பாப்போம்."

வீரய்யா என்னை ஒரு பார்வை பார்த்தார். தம்பி யாரையும் பார்க்கவில்லை. முள்ளிலிருந்த மண்புழுவை உருவி எறிந்தான். டப்பாவைத் திறந்து நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்துக் கோத்தான். மடைக்கு நாலு முழம் தள்ளி வீசினான். தக்கை ஆடாமல் நின்றது. பிறகு படுத்தது. பிறகு காணவில்லை.

ஐந்து நிமிடம் என்று நான் சொன்னது தவறு. பதினொரு நிமிடம் ஆனது. தூண்டில் நரம்பை விட்டு விட்டு இழுத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, செவுளில் கை கொடுத்துத் தூக்கினான். தகடு தகடாகச் செதிள், பெரிய தலை. டிரைவரே கை தட்டினார். தட்டாதவர் வீரய்யா ஒருவர்தான்.

"ஒரு கிலோ நூத்தம்பது" என்று மேடம் தராசைப் பார்த்து எழுதினார். "திட்டம் நல்லாப் பலன் குடுத்திருக்குங்க."

"நாப்பதாயிரத்துல ஒண்ணுங்க மேடம். போன கோடையில தண்ணி வத்தாம நின்னதால தப்பிச்சிருக்கு" என்றான் தம்பி.

"அதுக்கு இந்த ஃபார்ம்ல எடம் இல்லீங்களே" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

பங்குனியில் ஏலம் நடந்தது. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் எடுத்தார். தூண்டில் போடத் தடை என்று கரையில் எழுதி வைத்தார்கள். போன வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு புத்தகம் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் மீனைப் பிடித்தபடி என் தம்பி. கீழே 'திட்டத்தால் பயன்பெற்ற தூண்டில் மீன்பிடிப்பாளர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். படம் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை ஷர்லி கடைச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

வீரய்யா இப்போது பஞ்சர் ஒட்ட வேறு கடைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டில் படுத்துக் கிடக்கிறான். அன்றைக்கு நான் வாயைத் திறந்தது தப்புதான் என்று ஒரு நாள் அவனிடம் சொன்னேன்.

அவன் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தான். அங்கிருந்தபடியே, "என்னா இழுவ இழுத்துச்சு தெரியுமாக்கா" என்றான்.