பொருத்தனை ஆடு குளிக்கப் போன கதை

எங்கள் அத்தை ஆண்டவருக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுப்பாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஜெபத்திலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. பால்காரர் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்க வேண்டும், மழை துணி காய்ந்த பிறகுதான் பெய்ய வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அவள் வரிசையாகச் சொல்லும்போது, மேலே ஒருவர் கைகட்டி நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வதாகவே எனக்குத் தோன்றும். அத்தையின் கணவரான மாமா, ஆமென் சொல்வதற்கு முன் மெல்ல இருமிக்கொள்வார். அவருக்கு வங்கியில் வேலை. உலகத்தில் எதுவும் சொன்ன நேரத்தில் நடக்காது என்பது அவருடைய விசுவாசம்.

எனக்கு எட்டு வயதானபோது டைபாய்டு காய்ச்சல் வந்தது. விடும், மறுபடி வரும். அப்பாவுக்கு வெளியூரில் வேலை, அம்மாவின் இடுப்பில் தம்பி. அதனால் நான் வளர்ந்தது அத்தை வீட்டில்; ஆஸ்பத்திரியிலும் என்னோடு கிடந்தது அத்தைதான். ஒருநாள் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு ஒரு பொருத்தனை செய்தாள். பிள்ளை பிழைத்து எழுந்தால், ஒரு ஆட்டுக்குட்டியை வாங்கி வளர்த்து அறுத்து, முதியோர் இல்லத்துப் பெரியவர்களுக்குத் தன் கையால் அசனம் விளம்புவதாகச் சொன்னாள். அசனம் என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். கோயில் வளாகத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுவதுதான். அந்த இல்லமும் அத்தைக்குப் புதிதல்ல. கோயில் பெண்கள் சங்கத்தோடு மாதம் ஒருமுறை அங்கே போய்ப் பெரியவர்களுக்கு நகம் வெட்டி, தலை சீவி, பாட்டுப் பாடிவிட்டு வருவாள்.

நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டேன். காய்ச்சலும் விட்டது. அத்தை சொன்னதில் ஒன்று குறைந்தாலும் காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு டீச்சர் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆடு வந்தது, வளர்ந்தது, அத்தையின் செம்பருத்திச் செடி முழுவதையும் தின்றது. பொங்கல் கழிந்த சனிக்கிழமை அசனம் என்று குறித்தார்கள். அன்று விடியற்காலையில் மாமாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆண்டவருக்கென்று நேர்ந்த ஆடு அழுக்காகப் போகலாமா? கால்வாயில் குளிப்பாட்டிக் கொண்டுவருகிறேன் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆடும் தண்ணீரும் ஆகாது என்பது ஆடு மேய்க்கிற எவருக்கும் தெரியும். வங்கியில் அதைச் சொல்லித்தருவதில்லை. முதல் செம்புத் தண்ணீர் முதுகில் விழுந்ததும் ஆடு மாமாவைக் கால்வாய்க்குள் இழுத்துப் போட்டுவிட்டு, அக்கரையில் ஏறி வாழைத் தோட்டத்துக்குள் போய்விட்டது. மாமா எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்த செல்போன் வரவில்லை.

கறிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சங்கத்து அக்காமார் சொல்லிப் பார்த்தார்கள். வளர்த்த ஆட்டைச் சொல்லிவிட்டுக் கடைக் கறியை வைத்தால் அது பொருத்தனையா என்று அத்தை மறுத்துவிட்டாள். ஆடு இல்லையென்றால் கறியே வேண்டாம், சாம்பார் வைப்போம் என்றாள். தெருவில் எல்லா வீட்டிலும் பொங்கலுக்கு வாங்கிய பூசணியும் சேனையும் சிறுகிழங்கும் மிஞ்சிக் கிடந்தன. கேட்டவுடன் வந்து குவிந்தன. அண்டா நிறையச் சோறு, சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாம் ஆயின. நான் அடுப்புப் பக்கம் நின்று புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து என் பிடரியைப் பிடித்து அருகே நிறுத்திக்கொண்டாள். ஆட்டைப் போல நானும் தோட்டத்துக்குள் ஓடிவிடுவேன் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என நினைத்தேன்.

டெம்போவில் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் போனோம். செய்துங்கநல்லூர் தாண்டி இருந்தது அந்த இல்லம். வாசல் கதவு பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து காவல்காரர் மட்டும் வந்தார். யாரோ ஒரு புண்ணியவான் காலையிலேயே பஸ்ஸோடு வந்து, பெரியவர்களைக் கடல் பார்க்க மணப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். மதியச் சாப்பாடும் அங்கேதானாம். இல்லத்துக்காரர்கள் அத்தையிடம் கேட்டுக்கொண்டு அசனத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம் என்று மாமாவின் போனுக்கு விடாமல் அடித்திருக்கிறார்கள். அது தண்ணீருக்குள் கிடந்து என்ன செய்யும்? நடக்கவே மாட்டேன் என்று அழுகிற ஒரு பாட்டையாகூட பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டதாகக் காவல்காரர் சந்தோஷமாகச் சொன்னார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஆடும் இல்லை, பெரியவர்களும் இல்லை. பொருத்தனையில் மிச்சமிருந்தது நான் மட்டும்தான். என் கழுத்து சுடுகிற மாதிரியே இருந்தது. வெயிலில் நின்றால் யார் கழுத்தும் சுடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அத்தையின் கை மறுபடி என் பிடரிக்கு வந்து இறுக்கிப் பிடித்தது. ஏறுங்க வண்டியில என்று மட்டும் சொன்னாள். வழியில் அவள் கண்ணை மூடி ஜெபிக்கவும் இல்லை. ஆண்டவருக்குக் கொடுக்க அவளிடம் அட்டவணை ஏதும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் ஒரு புளியமரத்து நிழலில் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள். அவர்களுடைய சமையல் வண்டி அச்சு முறிந்து வெகுதூரம் பின்னால் நின்றுவிட்டதாம். சின்னப் பிள்ளைகள் கரும்பைக் கடித்துப் பசியாற்றிக்கொண்டிருந்தன. மாமா டெம்போவை நிறுத்தச் சொன்னார். சங்கத்து அக்கா ஒருத்திக்குத்தான் சங்கடமாக இருந்தது. பொருத்தனைச் சோறாயிற்றே, இல்லத்துக்கென்று சொன்னதாயிற்றே, வழியில் போகிறவர்களுக்குக் கொடுத்தால் கணக்கில் சேருமா என்று அத்தையின் காதருகே கேட்டாள். என் கேள்வியும் அதுதான். நான் அத்தையின் முகத்தையே பார்த்தேன்.

அத்தையின் பார்வை கரும்பு கடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மேல் இருந்தது. பிறகு சொன்னாள்: "நான் பிள்ளையக் கேட்டேன், குடுத்தாரு. சோறு போடுதேன்னு சொன்னேன். பசிச்சவன் எங்கன உக்காந்திருக்கான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. எறக்குங்கட்டி அண்டாவ."

கூட்டத்தில் மூத்தவராக இருந்த தாடிக்காரர் எழுந்து வந்தார். பசி முகத்தில் தெரிந்தது, ஆனாலும் தயங்கி நின்றார். "தப்பா நினைக்காதீங்க தாயி, நாங்க வெரதம். இதுல கவுச்சி ஏதும் சேந்திருக்கா?"

அத்தை பொய் சொல்லத் தெரியாதவள். "பாத்திரம் கோயில் பாத்திரம், போன மாசம் இதுல கறி வச்சிருக்கு. புளி போட்டுத் தேச்சாச்சு. இன்னைக்கும் கறிதான் ஏறியிருக்கணும். ஆடு ஓடிப் போயிட்டு."

தாடிக்காரர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப எங்க முருகன்தான் அதத் தொரத்தியிருப்பான்" என்றார்.

"தொரத்துனது யாருன்னு எங்க வீட்டுக்காரர் வேட்டியப் பாத்தாலே தெரியும்" என்றாள் அத்தை.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். இடுப்புவரை கால்வாய்ச் சேறு காய்ந்து போய், அண்டாவைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார். முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் அந்தப் புளியமரத்தடி முழுவதும் சிரித்தது. காலையிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

விளம்புவதற்கு முன் ஜெபம் வேண்டுமே. இனி அரைமணி நேரம் ஆகும், சாம்பார் ஆறிவிடும் என்று மாமா இருமத் தயாரானார். அத்தை இரண்டு கைகளையும் கூப்பிக் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இவங்களுக்குப் பசிக்கு" என்றாள். அவ்வளவுதான். மாமா இருமலை விழுங்கிக்கொண்டார். நாங்கள் ஆமென் என்றோம், அவர்கள் அரோகரா என்றார்கள், நான் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சொல்லி வைத்தேன்.

பிறகு ஒரே ஓட்டம்தான். நான் குடத்தோடு ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினேன். சிறுகிழங்கைக் கூட்டில் கண்ட ஒரு பாட்டி, எங்க வீட்டு ருசி என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பாயசம் கடைசி வரிசைக்கும் எட்டியது. அண்டாவின் அடியில் ஒட்டியிருந்ததை நாங்கள் வழித்துச் சாப்பிட்டோம். கிளம்பும்போது அவர்கள் கால் கொப்புளத்தோடும் பாட்டோடும் கிழக்கே நடந்தார்கள். நான் சாலை திரும்புகிற இடம் வரை அவர்களுடன் ஓடிப் போய்த் திரும்பி வந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆடு வாசலில் நின்று, மீதமிருந்த செம்பருத்தியையும் முடித்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு அதை அறுப்பது பற்றி யாரும் பேசவில்லை. கிழடாகி, சங்கத்து அக்காமார் எல்லோரையும் முட்டிவிட்டுத்தான் செத்தது.

அன்றைக்கு வீட்டில் தைரியமாக இருந்தது அத்தை ஒருத்திதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். போன மழைக்காலத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. குணமாகிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும், அவள் பக்கத்தில் வந்து நின்றாலே என் கை தானாக அவளுடைய பிடரிக்குப் போனது. நான் ஓடிப் போக மாட்டேம்மா, விடு என்று அவள் தட்டிவிட்டபோதுதான் அத்தையின் கை ஞாபகம் வந்தது. அந்தக் கை என்னைப் பிடித்து வைக்கவில்லை. சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் போலவே அவளும் காலையிலிருந்து பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். புளியமரத்தடியில், அந்தச் சின்ன ஜெபத்துக்காக அந்தக் கையை எடுத்துக் கூப்பினாள். அதற்குப் பிறகு அது என் பிடரிக்குத் திரும்பி வரவே இல்லை.