மூன்றாவது விசில்

மற்றவர்கள் மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே, தான் ஒரு மீனும் பிடிக்காமல் மணலில் நடப்பதுதான் தூண்டில் போட்டி மார்ஷலின் தொழில்.

தொழில் என்றால் சோறு போடுவது இல்லை. அதற்கு தி.நகரில் ஒரு அலுவலகமும் அதில் எனக்கு ஒரு நாற்காலியும் இருக்கின்றன. இது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளுக்கு மட்டும். பட்டினப்பாக்கம் கடற்கரையில், எது கடல் எது வானம் என்று பிரியாத நேரத்தில், அலை ஓரமாக மஞ்சள் கொடிகளை நட்டுக்கொண்டே போவேன். கொடிக்கும் கொடிக்கும் நடுவே என் காலால் இருபது தப்படி. அதுதான் ஒருவருக்கு உரிய கடல். அடுத்தவர் கடலில் தூண்டில் விழக் கூடாது. ஒவ்வொரு கோலின் நுனியிலும் போட்டி நடத்தும் சங்கம் கொடுக்கிற பித்தளை மணி கட்டியிருக்க வேண்டும். மீன் கடித்து மணி அடித்தால், இரண்டு பக்கத்துக்காரர்களும் தங்கள் தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி வழிவிட வேண்டும். மீறினால் விசில். ஒரு சீசனில் மூன்றாவது விசில் வாங்கியவருக்கு அப்புறம் போட்டியில் இடமில்லை.

கேட்க எளிதாக இருக்கும். ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்று நாள் முழுக்கச் சொல்கிற வேலையில் இருப்பவர்களுக்கு, அதாவது பஸ் கண்டக்டர்களுக்கும் கோயில் வரிசையில் கயிறு பிடிப்பவர்களுக்கும், நான் படும் பாடு சொல்லாமலே புரியும். அந்த விசிலை அத்தர் கடை ரஃபீக் பாய்க்கு மூன்றாவது முறை ஊத வேண்டி வந்துவிடக் கூடாதே என்றுதான் இந்த சீசன் முழுக்க எனக்குக் கவலை.

*யாருடைய கடல்*

தாஸ் ஆட்டோ ஓட்டுகிறவர். பட்டினப்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய கொடிகளுக்கு நடுவே அவரை நிற்க வைப்பது நண்டை நேராக நடக்கச் சொல்வது மாதிரி. நான் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கத்துக்காரரின் கடலில் முழங்கால் வரை இறங்கியிருப்பார். நான் விசிலை எடுப்பதற்குள் பெரும்பாலும் தன் கொடிக்குள் திரும்பியும் விடுவார்.

முதல் முறை அவருக்கு விசில் ஊதியபோது, ஊதியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நான் மேற்கு மாம்பலத்திலிருந்து வருகிறேன். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தால் அவர் வீட்டு ரசம் என் அறைக்குள் மணக்கும். அப்படிப்பட்ட சந்திலிருந்து வந்து, சிறு வயதிலிருந்து இந்தக் கடலைப் பார்த்தவனிடம் எல்லை பேச எனக்கு என்ன உரிமை? அதையெல்லாம் யோசித்துக்கொண்டே, தள்ளி நிற்கச் சொன்னேன். தாஸ் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “இன்னா சார், கடல்ல கோடு கிழிக்க வந்துகிறியா? நான் தள்ளி நிக்கிறேன், மொதல்ல அலைய தள்ளி நிக்கச் சொல்லு.”

*அத்தர்*

ரஃபீக் பாய் திருவல்லிக்கேணியில் அத்தர் கடை வைத்திருக்கிறார். இருட்டில் அவர் வருவதை முதலில் மூக்குதான் கண்டுபிடிக்கும். உப்புக் காற்றுக்கு நடுவே திடீரென்று ஒரு மல்லிகைத் தோட்டம் நடந்து வரும். “பாய், மீனு புடிக்க வந்தியா, மீனுக்கு மாப்ளையா வந்தியா?” என்று தாஸ் வாரந்தவறாமல் கேட்பார். பாய் சிரித்துக்கொண்டே தடவித் தடவி இறாலைக் கொக்கியில் குத்துவார்.

போட்டியாளர்களிலேயே மிக ஒழுங்கானவர் அவர்தான். அவர் தூண்டிலை வீசினால் அது போய் விழும் இடம், வீட்டில் பாய் விரிக்கிற இடம் மாதிரி மாறவே மாறாது. அப்படிப்பட்டவர் மழைக்காலம் முடிந்து நடந்த முதல் போட்டியில், பக்கத்தில் ஒரு மணி அடித்ததும் கோலைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக்காரரின் கடலுக்குள் பக்கவாட்டில் நடந்தார். நரம்புகள் சிக்கிக்கொண்டன. விசிலை ஊதிவிட்டு, அதை ஊதியதற்கு நானே வருத்தப்பட்டுக்கொண்டு நின்றேன். பாய் நிதானமாகச் சொன்னார். “ஊதுங்க சார், ஊதத்தானே வந்தீங்க. தப்பு நம்மளதுதான்.”

*வாக்கிங்*

மயிலாப்பூர் வைத்தி மாமா சுத்த சைவம். அவர் தூண்டிலில் இறால் இருக்காது. பெருங்காயம் பிசைந்த மைதா உருண்டை இருக்கும். மாட்டிய மீனைத் துணியால் பிடித்து, எடை போட்டதும், போய் வா என்பது போலக் கடலில் விட்டுவிடுவார். குலுக்கலில் எந்த இடம் வந்தாலும், கடைசிக் கொடியாக மாற்றிக் கொடுக்க முடியுமா என்று காதருகே வந்து கேட்பார்.

ஒரு நாள் அவர் மணி விடாமல் அடித்தது. நல்ல பாரை மீன். வழிவிடாத பக்கத்துக்காரருக்கு நான் விசில் ஊத, கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாலைப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மாமா குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். மீன் ஒரு பக்கம் இழுக்கிறது, மானம் ஒரு பக்கம் இழுக்கிறது. நான் கிட்டே போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “வாக்கிங் போறேன்னுதான் ஆத்துல சொல்லிண்டு வந்திருக்கேன். உமக்குப் புண்ணியமாப் போகும், விசில் மட்டும் ஊதாதேயும்.”

*இருபது தப்படி*

அடையாற்றிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வருவார்கள். ஒரு முறை குலுக்கலில் இருவருக்கும் அடுத்தடுத்த இடம். நான் நட்ட கொடி கணவர் பக்கம் தள்ளியிருப்பதாக அவரும், தன் பக்கம் தள்ளியிருப்பதாக மனைவியும் சொன்னார்கள். மறுபடி அளந்தேன். அந்த அம்மா என் கூடவே நடந்து வந்து எண்ணினார்.

தூரத்தைச் சண்டை போட்டு வாங்குகிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அறையில் அது எவ்வளவோ இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை. இதை அந்த அம்மாவிடம் சொல்ல முடியுமா? “வீட்டுல இது ஏது சார்? சமையல்கட்டுல திரும்பினா இவர் மேலதான் முட்டிக்கணும். ஞாயித்துக்கிழமையாவது எனக்குக் கணக்கா அளந்து குடுங்க!”

*இரண்டாவது விசில்*

முதல் விசிலுக்கு அடுத்த போட்டியில் ரஃபீக் பாய்க்குப் பக்கத்து இடம் தாஸுக்கு. தாஸின் மணி அடித்தது. ஒதுங்க வேண்டிய பாய் ஒதுங்கவில்லை. தன் கோலைச் சுண்டி இழுத்துக்கொண்டு, தாஸின் பக்கமாகவே வேகமாக நடந்தார். இரண்டு நரம்பும் பின்னிக்கொண்டன. தாஸுக்கு மாட்டியிருந்த மீன் அறுத்துக்கொண்டு போயிற்று. “யோவ் பாய், கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?” என்று தாஸ் கத்திக்கொண்டே வந்தார். பாய் குனிந்து, சிக்கு எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தார். சிக்கு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தாஸ் அதைப் பார்த்தார். கத்தல் பாதியில் நின்றது. பிளேடை எடுத்து இரண்டு நரம்பையும் அறுத்துவிட்டுப் போனார். நான் விசில் ஊதினேன். விதி விதிதான் என்று அப்போது தோன்றியது. வீட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் அப்படித் தோன்றவில்லை.

ஏனென்றால் போட்டி முடிந்ததும் பாய் என்னைத் தனியே கூப்பிட்டிருந்தார். கண்ணில் நீர் அழுத்தமாம். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, நேரே மட்டும் சாவி ஓட்டை வழியாகப் பார்ப்பது மாதிரி கொஞ்சம் தெரியும். கோல் நுனி தெரியாததால் மணிச் சத்தத்தை வைத்துத்தான் பிடிக்கிறார். ஆனால் எல்லா மணியும் ஒரே அச்சு, ஒரே ஓசை. காற்றில் எது தன்னுடையது என்று பிரிவதில்லை. மற்றவர்களிடம் சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். மல்லிகை வாசனை என் கையிலும் ஒட்டிக்கொண்டது. “வாணாம் சார். இன்னொரு விசில் வந்தா போய் கடையில உக்காந்துக்கிறேன். பாவம் பாத்து வுட்டுக் குடுக்கிற கடல்ல நான் தூண்டில் போட மாட்டேன்.”

*வேறு மணி*

காரணத்தைச் சொல்லாமல் சங்கத்தின் செயலாளரிடம் போனேன். விரும்புகிறவர்கள் வேறு ஓசை உள்ள மணி கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஏன் என்றார். சும்மா என்றேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன் மேசைக்கு முன்னால் நின்று மணியைப் பற்றிச் சும்மா கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைக் கனிவோடு பார்த்தார். “ஆளுக்கொரு மணி அடிக்க இது என்ன கோயிலா சார்? நீங்க ரெண்டு ஞாயிறு ரெஸ்ட் எடுத்துக்கறீங்களா?”

*பனி*

சீசனின் கடைசிப் போட்டி தை மாதத்தில் வந்தது. அன்று பனி கடலுக்கும் கரைக்கும் சேர்த்துப் போர்த்தியிருந்தது. சூரியன் எங்கோ வந்துவிட்டது, எங்கே என்று தெரியவில்லை. நட்ட கொடி திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போயிற்று. தூக்கத்தில் நடக்கிறேனோ, விழித்தால் மாம்பலத்தில் மின்விசிறிக்குக் கீழே இருப்பேனோ என்று இருந்தது. குலுக்கலில் பாய்க்கு நடு இடம். ஒரு பக்கம் தாஸ், மறு பக்கம் வைத்தி மாமா. இரண்டு பக்கமும் மணிகள். விசில் என் கழுத்தில் ஈரமாகத் தொங்கியது.

வெகுநேரம் அந்தப் பக்கம் ஒரு மணியும் அடிக்கவில்லை. மீனே இல்லை போலும் என்று தாஸ் பக்கம் போனேன். அவருடைய கோல் நுனி தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. மணி இருந்த இடம் காலி. “மணி எங்கே?” என்றேன். “கீழ வுழுந்துட்ச்சி சார்” என்றார், என்னைப் பார்க்காமல். சட்டைப் பையில் கைக்குட்டைக்குள் ஏதோ உருண்டையாக இருந்தது. பாயைத் தாண்டி மறு பக்கம் நடந்தேன். வைத்தி மாமாவின் மணி கோலில்தான் இருந்தது. அதன் வாய் நிறைய மைதா மாவு. தாஸ் சொல்லிவைத்திருக்க வேண்டும். நான் அதைப் பார்ப்பதை மாமா பார்த்தார். தலையை லேசாக அசைத்தார். அன்று சொன்ன அதே வேண்டுகோள்தான்.

மணியில்லாத கோலுக்கு விசில் ஊத வேண்டும், விதி. விசிலை வாயில் வைத்தேன். ஊதினால் இரண்டு பேருக்கும் எச்சரிக்கை, அதோடு ஏன் என்று பாய்க்கும் தெரிந்துபோகும். ஊதாவிட்டால் நான் எதற்கு இந்த மணலில் நடக்கிறேன்? உதட்டில் உப்புக் கரித்தது. அப்போது பனிக்குள் ஒரு மணி அடித்தது, அந்தப் பக்கத்துக்கே ஒரே மணி. தாஸும் மாமாவும் ஒரே மூச்சில் நரம்பைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். பாய் எந்தப் பக்கமும் நகரவில்லை. நின்ற இடத்தில் நின்று, நேராக, அவசரமில்லாமல் சுருட்டினார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழங்கான் மீன். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பனியைப் பார்த்துக் கேட்டார்: “என்னப்பா, இன்னைக்கு என் ஒருத்தனுக்குத்தான் மீன் கடிக்குதா?”

வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டேன். பதில் தாஸிடமிருந்து வந்தது, வழக்கமான குரலில், வழக்கமான எரிச்சலோடு. “நீ அத்தரு பூசிக்கினு வந்து நின்னா எங்க எறால எந்த மீனு துன்னும், பாய்?”

கடற்கரையிலேயே அதிகச் சத்தம் போடக்கூடிய பொருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இத்தனை ஞாயிறுகள் நடந்ததில், நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அன்று அதை ஊதாமல் இருந்ததுதான்.