முன்பணமாகக் கொடுத்த முடி

அடையாள அட்டையையும் அக்காவின் மொட்டைத் தலையையும் கடல் பயிற்சி மையத்தின் காவலாளி மாறி மாறிப் பார்த்த அந்தக் காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அட்டையில் இருந்தவளுக்குத் தோளில் கனத்த பின்னல். எதிரே நின்றவளின் தலையில் சந்தனம்கூட உதிரவில்லை. "யாரும்மா இது?" என்றார். "நான்தாங்க. நேத்து திருத்தணியில மொட்ட போட்டுகினேன்" என்றாள் அக்கா. எல்லாம் எங்கள் அம்மாவின் வேலை. வேண்டிக்கொண்டது நடந்தபின் முடி இறக்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? "முன்னாடியே குட்த்துட்டா முருகன் எப்டி இல்லன்னுவாரு?" என்று மலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் ஒருவர் படத்தோடு ஒத்துப் பார்ப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சென்னையில் ஓட்டலில் வேலை பார்த்த அக்காவுக்கு ஓர் உல்லாசப் படகில் வேலை கிடைத்திருந்தது. விருந்தினருக்குப் பரிமாறும் வேலைதான். ஆனாலும் தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் பிழைப்பது எல்லாம் பயின்று சான்றிதழ் வாங்கினால்தான் படகில் ஏற்றுவார்கள். அன்று திருப்பி அனுப்பினால் வேலை வேறு யாருக்கோ போய்விடும். நான் காவலாளியிடம் குரலை உயர்த்தி வாதாடினேன். சத்தம் கேட்டு வந்த பயிற்சி கேப்டன் படத்தை வாங்கினார், அக்காவைப் பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். "முடி போனா போவுது, காது எங்க போவும்? அதேதான். உள்ள வாம்மா" என்றார். அந்த மனிதரை அங்கேயே கும்பிடலாம் போலிருந்தது.

உள்ளே போனதோடு முடியவில்லை. உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குளத்தில் குதிக்க வேண்டும். எங்கள் நிலத்துக் கிணற்றைக்கூட எட்டிப் பார்க்காதவள் அக்கா. முதல் முறை மேலே போய்விட்டு இறங்கி வந்துவிட்டாளாம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. பயிற்சி முடிந்து திரும்பும்போது மின்சார ரயிலில் சொன்னாள்: "பயம்னா அப்டி ஒரு பயம்டி. ஆனா மொட்டத் தலையோட வூட்டுக்குப் போயி பெயிலுன்னு அம்மாகிட்ட சொல்றத நெனச்சேன். அதுக்கு இதுவே மேலுன்னு குதிச்சிட்டேன்." பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

போன மாதம் அவள் வேலை செய்யும் படகில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். கரை விலகியதும் ஒரு வயதான பெண்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அக்கா தட்டைக் கீழே வைத்தாள். அவர் முன் குனிந்து, உயிர்காப்பு உடுப்பின் பட்டையை மெல்ல இழுத்து மாட்டினாள்.

"உனக்கென்னம்மா, பழக்கம். பயமே இருக்காது" என்றார் அவர்.

"ஆங், யாருங்க சொன்னது? தெனமும் இருக்குங்க. வாங்க, என் கையப் புடிச்சிக்குங்க."