ராணி அக்காவின் மொழிபெயர்ப்பு

அற்புதராணி அக்காவைப் பெண் பார்க்க வந்தது ஒரே ஒரு தடவைதான். யாழ்ப்பாணத்துக் கடற்கரையோரக் குருநகரில், அவருடைய இருபத்திரண்டாவது வயதில். "பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமோ?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்க, இவருடைய தாய், "ஓம், அவள் மீன் குழம்பு வைச்சால் தெரு முழுக்க மணக்கும்" என்றாராம். உள்ளறையிலிருந்து பெண்ணின் குரல் வந்தது: "அம்மா பொய் சொல்லுறா. எனக்குச் சுடுதண்ணி வைக்கத்தான் தெரியும்." வந்தவர்கள் தேநீரைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

பிறகு ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளர் வேலை. பெரியவர் தனக்குக் காய்ச்சல் என்று லீவுக் கடிதம் அடிக்கச் சொன்னபோது, "உங்களுக்குக் காய்ச்சல் இல்லையே, சேர்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த வேலையும் அதிக நாள் நிலைக்கவில்லை. இதையெல்லாம் அவரே எனக்குச் சொன்னார், ஏதோ பரிசு வாங்கிய கதை சொல்வது போல.

நான் பஞ்சலிங்கம். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய அரிசி ஆலைக்குள் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திய கிளினிக்கில் மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். கட்டிக் கொடுப்பது என்றால் உண்மையாகவே கட்டித்தான். பொருளாதாரத் தடைக் காலம். உறை வாங்கக் கடதாசி இல்லை. பழைய பரீட்சைத் தாள்களைக் கிழித்துக் குளிசையைச் சுற்றிக் கொடுப்பேன். கணிதத்தில் பன்னிரண்டு புள்ளி எடுத்த யாரோ ஒரு பிள்ளையின் தாள் எத்தனையோ பேருடைய வயிற்றுவலியைத் தீர்த்திருக்கிறது.

டொக்டர் வெள்ளைக்காரர். "வணக்கம்", "வலி" என்ற இரண்டு சொற்களுடன் வந்து இறங்கியவர். மிச்சம் எல்லாவற்றுக்கும் ராணி அக்காதான். தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடியில் குருநகரை விட்டு வந்து, ஒன்றுவிட்ட தம்பி யோசப்பின் வீட்டில் இருந்தார். அங்கே ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். தொண்ணூற்றொன்றில் கிளினிக் தொடங்கிய அன்றே அவர் தன் சட்டத்தை இரண்டு மொழியிலும் அறிவித்துவிட்டார்:

"இந்த அறைக்குள்ளை வாயாலை வாறது எல்லாம் மற்றப் பக்கத்துக்கும் போகும். நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

இதன் விபரீதம் யாருக்கும் அப்போது விளங்கவில்லை.

முதல் வாரமே சிவசுப்பிரமணியம் என்ற வெங்காயத் தோட்டக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். குடிப்பீர்களா என்று டொக்டர் கேட்டார். "எப்பவாவது ஒரு துளி" என்றார் அவர். பக்கத்தில் நின்ற மனைவி முகட்டைப் பார்த்து முணுமுணுத்தார்: "எப்பவாவதாம். உந்த ஆள் கள்ளுத் தவறணையிலை குடியிருக்கிறதை நான் சொல்லவோ?" ராணி அக்கா இரண்டையும் ஆங்கிலத்தில் ஒப்பித்தார், முணுமுணுப்பு என்ற குறிப்போடு. சிவசுப்பிரமணியம் ஒரு மாதம் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆனால் சரியான மருந்து அவருக்குத்தான் முதலில் கிடைத்தது.

டொக்டருக்கும் விலக்கு இல்லை. ஒரு நாள் ஒரு கிழவரைச் சோதிக்கக் குனிந்தவர், மூக்கைச் சுளித்துத் தனக்குத்தானே ஏதோ சொன்னார். ராணி அக்கா உடனே கிழவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்களிலை சரியாய் மணக்குதாம்."

எனக்கு மேசைக்குக் கீழே ஒளிய வேண்டும் போலிருந்தது. கிழவர் அசையவில்லை.

"சவுக்காரம் போட்டுக் குளிச்சு மூண்டு மாசம் எண்டு அவருக்குச் சொல்லு பிள்ளை. ஒரு கட்டி தந்தாரெண்டால் நாளைக்குப் பன்னீராய் மணந்துகொண்டு வாறன்."

அதுவும் மற்றப் பக்கத்துக்குப் போனது. டொக்டரின் காது சிவந்துபோய்விட்டது. அடுத்த வாரம் நிறுவனத்தின் லொறியில் ஒரு பெட்டி சவுக்காரம் வந்தது. மரியாதையாகப் பேசியிருந்தால் அந்தக் கிழவர் இன்னும் மூன்று மாதம் மணந்துகொண்டு திரிந்திருப்பார். அன்றிலிருந்து எனக்கு ராணி அக்காவில் ஒரு பயமும் ஒரு பிடிப்பும் வந்தன.

ஒரே ஒரு மனக்குறைதான். மத்தியானம் என் மனைவி கட்டித் தந்த பார்சலைப் பிரிக்கும்போது நான் தினமும் கேட்பேன்: "அக்கா, ஒரு பிடி சாப்பிடுங்கோவன்."

"நான் காலமை வடிவாய்ச் சாப்பிட்டிட்டன் தம்பி. வயிறு இன்னும் இறங்கேல்லை."

இரண்டு வருடம் இதே பதில். எனக்கு உள்ளுக்குள் கோபம். மீனிலே வளர்ந்த மனுசிக்கு எங்கள் வீட்டுக் கத்தரிக்காய் தொண்டைக்குள் இறங்காதாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் வீட்டிலும் சொன்னேன். "அவவுக்குப் பாரைமீன் வேணுமெண்டால் கடலிலை போய்ப் பிடிக்கட்டும்" என்றாள் மனைவி. இருவரும் சேர்ந்து நன்றாகச் சிரித்தோம்.

தொண்ணூற்றுமூன்றில் குணலட்சுமி வந்தார். ஐம்பது வயதிருக்கும், தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்தவர், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. கணவரின் தங்கை பராசக்தி வீட்டில்தான் இருந்தார். பராசக்தியும் ஒவ்வொரு தடவையும் கூடவே வருவார். டொக்டர் குளிசை கொடுத்து, சாப்பாட்டோடு மட்டுமே எடுக்க வேண்டும் என்று சொன்னார். மூன்று நேரமும் சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார்.

"ஓம், மூண்டு நேரமும் சாப்பிடுறன். மச்சாள் என்னை ராசாத்தி மாதிரிப் பாக்கிறா" என்றார் குணலட்சுமி. பராசக்தி பெருமையாகத் தலையாட்டினார். ராணி அக்கா அதை அப்படியே சொன்னார்.

இரண்டு வாரத்தில் அந்த மனுசி வரிசையிலேயே வியர்த்து விழுந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சீனி அடிமட்டத்தில். டொக்டர் தன் சொந்தப் போத்தலில் இருந்த சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். மருந்தைப் பாதியாகக் குறைத்தார். குணலட்சுமி மறுபடியும் விழுந்தார். கூடுதலாகக் குளிசை போடுகிறாரோ என்று பார்க்க, மிச்சக் குளிசையை எண்ணச் சொல்லி டொக்டர் என்னிடம் தந்தார். எண்ணினேன், சரியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே "மூண்டு நேரமும்", அதே மொழிபெயர்ப்பு.

மூன்றாவது தடவை டொக்டர் பேனாவை எடுத்தார். வயிற்றுக்குள் சீனியை இப்படி இறக்குகிற ஏதோ கட்டி இருக்கலாம், இங்கே பார்க்க வசதியில்லை, கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றார்.

அந்த நாளில் கொழும்புக்குப் போவதென்றால் கிளாலிக் கடலேரியில் இரவோடு இரவாக வள்ளம் ஏற வேண்டும். கடற்படையின் சூட்டில், ஏறியவர்கள் எல்லோரும் கரை சேர்வதில்லை; அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் தேவையிருக்கவில்லை. ராணி அக்கா சொல்லி முடித்ததும் பராசக்தி நெஞ்சில் கைவைத்தார். குணலட்சுமி மட்டும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"டொக்டர் சொன்னால் போறன். எனக்கு ஒரு குறையும் இல்லை, மூண்டு நேரமும் வடிவாய்ச் சாப்பிடுறனான்."

ராணி அக்கா வாயைத் திறந்தார். மூடினார். டொக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் அந்த அறையில் மொழிபெயர்ப்பு தடைப்பட்டது அன்றுதான்.

பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். என் ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் இது விளங்கியது. "இவர் பொய் சொல்கிறார். இவர் சாப்பிடுவதில்லை."

"அப்படியா சொன்னார்?" என்றார் டொக்டர்.

"இல்லை. நான் சொல்கிறேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராணி அக்கா பதில் சொன்னார். மெதுவாக, நீளமாக, நான் மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கம் ஒரு தடவை கை காட்டி. டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு முழுவதும் பிடிபடவில்லை.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். ஆனால் வாயால் வந்தது எல்லாம் மற்றப் பக்கத்துக்கும் போக வேண்டும் என்பது அவருடைய சட்டம். குணலட்சுமியின் பக்கம் திரும்பி, கையை மடியில் வைத்துக்கொண்டு, தான் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டு டொக்டருக்குச் சொன்னனான். எப்பிடித் தெரியுமெண்டு கேட்டவர். நானும் ரெண்டு வருஷமாய் உந்தத் தம்பிக்கு ஒவ்வொரு மத்தியானமும் சாப்பிட்டிட்டன் எண்டு பொய்தான் சொல்லுறன் எண்டு சொன்னனான். காலமை வெறுந்தேத்தண்ணி, இராத்திரிக்குப் பிள்ளையள் மிச்சம் விட்டால் ஏதும். இருக்க இடம் தந்தவையின்ரை பானையைப் பாத்துப் பாத்துச் சாப்பிடுற ஆள் எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும் எண்டும் சொன்னனான்."

என் கையில் பாதி மடித்த குளிசைப் பொட்டலம். அதை மடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. பாரைமீன் என்று வீட்டில் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

முதலில் வெடித்தவர் பராசக்திதான். "எடியே, நான் உனக்கு என்னடி குறை வைச்சன்? ஒவ்வொரு நாளும் பசிக்கேல்லை, பசிக்கேல்லை எண்டு சொல்ல, மிஞ்சின சோத்தை நாய்க்கெல்லோ போட்டனான்!"

"ரெண்டு வருஷம் மச்சாள்," என்றார் குணலட்சுமி. முகத்தை மூடிக்கொண்டார். "ரெண்டு வருஷமாய் ஒருத்தர் வீட்டிலை எத்தினை தரம் தட்டை நீட்டுறது?"

"என்ரை அண்ணை பெண்டாட்டியடி நீ! பிச்சைக்காரியோ?"

இருவரும் ஒரே மர வாங்கில் உட்கார்ந்து அழுதார்கள். ராணி அக்கா நாயையும் விடாமல் எல்லாவற்றையும் டொக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டு நீட்டுவது வந்தபோது மட்டும் பாதியில் நின்றார். இருமிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். டொக்டர் கொழும்புக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்தார். கிழித்த துண்டுகளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

மத்தியானம் பார்சலைப் பிரித்தேன். சாப்பிட்டியளோ என்று கேட்கவில்லை. இலையை இரண்டாகக் கிழித்து, பாதிச் சோறும் பாதிக் கறியும் வைத்து அவர் முன்னால் தள்ளினேன்.

"இது ஒராளுக்குக் கட்டினது தம்பி. நான் ஒரு நாள் வாங்கினால் நீங்கள் ஒவ்வொரு நாளும் அரை வயிறு. அதாலைதான்…"

"சாப்பிடுங்கோ," என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது. யாரில் கோபம் என்று எனக்குத் தெரியும்.

சாப்பிட்டார். வேகமாக, தலை நிமிராமல். ஒரு பருக்கை மிச்சமில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"உப்புக் கூடிப்போச்சு. கத்தரிக்காயும் கசக்குது. வீட்டிலை சொல்லுங்கோ."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த உப்பு எனக்குத் தெரியும். பதினாறு வருடமாக, எப்படி இருந்தது என்று மனைவி கேட்கும்போதெல்லாம், நல்லாயிருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அன்று பின்னேரமும் கேட்டாள். காலையில் நடந்தது முழுவதையும் சொன்னேன், கடைசியில் உப்பையும். அவள் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ சொன்னது கிடக்கட்டும். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். "சும்மா மொழிபெயர்த்தனான்."

மறுநாள் இரண்டு பார்சல் தந்தாள். ஒன்றில் உப்பு அளவாக இருந்தது. அது எனக்கில்லை.