வலப்பக்கம் கூவ வேண்டிய சுக்காவ்

எர்மிந்தா உள்ளே நுழைந்தபோது கிழவர் நொல்பெர்த்தோ வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்தவர். நேற்றுவரை ஊட்டியதை விழுங்கியவருக்கு, இன்று சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"விடியக்காலையில சுக்காவ் குருவி இடப்பக்கம் கூவிச்சாம். போற நேரம் வந்துடுச்சாம்," என்றாள் மகள் ஓர்ஃபெலினா. "ஜன்னலுக்கு வெளிய இருக்கிற அந்த மூங்கில் புதரையே வெட்டப் போறேன் அக்கா. குய்ஞா காட்டுப்பூனையும் அதுலதான் கிடக்கு. கோழியா தூக்கிட்டுப் போவுது."

சிலோயே தீவில் அந்தக் குருவி கேட்பவரின் வலப்பக்கம் கூவினால் நல்லது, இடப்பக்கம் கூவினால் கேடு. நோயாளி பார்க்க வீடு வீடாகப் போகும் எர்மிந்தா அதை நம்பியதுமில்லை, நம்புகிறவர்களோடு மல்லுக்கு நின்றதுமில்லை.

"கோழிக்கூட்டைப் பூட்டுறியா?"

"கொக்கி உடைஞ்சுபோச்சு."

"அப்போ புதர் என்ன பண்ணும்? போய் கம்பியால கட்டு. அதுக்கு முன்னாடி இந்தக் கட்டிலைப் பிடி."

தலைமாடு கால்மாடாகக் கட்டிலைத் திருப்பினார்கள். ஜன்னல் இப்போது கிழவரின் வலப்பக்கம்.

"குருவியையே ஏமாத்துறியா?" என்று குழறினார் அவர்.

"உங்க தலை எந்தப் பக்கம்னு அது கேட்டுக்கிட்டா கூவுது? நல்ல கை ஜன்னல் பக்கம் இருக்கட்டும், பெரியவரே."

"கூவட்டும். அப்புறம் பாப்போம்," என்று கிழவர் மறுபடி வாயை மூடிக்கொண்டார்.

குருவி கூவவில்லை. மழை தூறியது. உருளைக்கிழங்கு சூப் ஆறியது. கிழவரின் உதடு வெடித்திருந்ததை எர்மிந்தா கவனித்தாள். இன்று தண்ணீர் உள்ளே போகாவிட்டால் நாளை படகில் ஆஸ்பத்திரிதான்.

அப்போது புதரிலிருந்து குய்ஞா வெளியே வந்தது. வீட்டுப் பூனையில் பாதி அளவு, உடம்பெல்லாம் புள்ளி. அதற்கும் சுக்காவுக்கும் ஒரே புதரில்தான் குடித்தனம். கைக்குள் அடங்கும் குருவி ஊரைக் கூட்டும். ஆளைக் கண்டால் காலடிவரை வந்து வேடிக்கை பார்க்கும். பூனை மூச்சுக்கூட விடாது. ஆளைக் கண்டால் மரமேறிவிடும்.

"எத்தனை கோழி குடுத்திருப்பேன்!" என்றார் கிழவர். "மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பூனை கூட்டைச் சுற்றி வந்தது. ஓர்ஃபெலினா முறுக்கிவிட்டிருந்த கம்பியை முகர்ந்தது. வேலியேறி அப்பாலிருந்த காட்டுக்குள் போய்விட்டது.

அது போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் புதருக்குள்ளிருந்து சுக்காவ் தொண்டையைத் திறந்தது. கணீரென்று, வலப்பக்கம்.

கிழவர் வாயைத் திறந்தார். எர்மிந்தா அரைக் கரண்டி ஊட்டி, தொண்டை அசைகிறதா என்று பார்த்தாள். அசைந்தது.

"ஆறிப்போச்சு," என்றார்.

"வாயைப் பூட்டினது நானா? முழுங்குங்க."