அம்மாவின் காலும் ஏழு நாள் கடல் தண்ணீரும்

இப்போதெல்லாம் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு வைத்தியம் காதில் விழுந்தால், யார் சொன்னது, எப்போது சொன்னது என்றுதான் முதலில் கேட்பேன். போனில் படித்தாலும் எழுதியது யார், எந்த வருஷம் என்று கீழே வரைக்கும் தள்ளிப் பார்ப்பேன். பார்த்த பிறகும் மனசு அடங்காது. சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் போய் ஒருதரம் கேட்டுக்கொண்டு வந்தால்தான் சோறு இறங்கும். "ஒனக்குப் படிப்பும் இருந்திருந்தா டாக்டருங்க ஊரவிட்டே ஓடியிருப்பாங்க" என்பார் என் வீட்டுக்காரர். எட்டாவதோடு நின்றவள் நான். இந்தக் கவலை எனக்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது என்று அவர் நினைப்பு. அப்படியில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. காரைக்கால் பக்கம் கருக்களாச்சேரியில் வீடு. அப்பா விசைப்படகில் போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் கரை ஏறுவார். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நெரவிப் பக்கம் தெருத்தெருவாக மீன் விற்றாள். அவளுக்குச் சர்க்கரை வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. பெயரெல்லாம் தெரியாது. காலையில் பெரிய வெள்ளை, ராத்திரி சின்ன மஞ்சள், அவ்வளவுதான். ஆனாலும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டை அசைத்து, எல்லாம் படித்து முடித்தவள் போலத்தான் கொடுப்பேன். அதுவரை அம்மா கையை நீட்டியபடி காத்திருப்பாள். அவள் அப்படிக் காத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

அந்த வருஷம்தான் பெரியம்மா மகள் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். மூத்த மகளின் பிரசவத்துக்குப் பெரியம்மா சென்னை போயிருந்தாள். இவளுக்குக் காரைக்காலில் பள்ளிக்கூடம், அதனால் எங்களோடு. என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். அந்த எட்டு மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. கையில் அவள் அப்பாவின் பழைய டச் போன். வந்த மூன்றாம் நாளே மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷில் இருந்த பெயரைப் படித்துப் போனில் தட்டினாள்.

"சித்தி, இத சாப்பாட்டோட சேத்துப் போடணுமாம். வெறும் வயித்துல போட்டா பொரட்டுமாம். ஒனக்குப் பொரட்டுதா?"

அம்மாவுக்கு ரெண்டு வருஷமாகப் புரட்டிக்கொண்டுதான் இருந்தது. மீன் வாடை என்று நினைத்திருந்தாள்.

"அட, ஆமாண்டி" என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இங்கயும் ஒன்னு இருக்கே, கலரு பாத்துக் குடுக்குது."

எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரைக்கு அம்மாவின் கை அவள் பக்கம் நீண்டது.

கொஞ்ச நாளில் அம்மாவோடு மீன் விற்கிறவர்களும் சாயங்காலமானால் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குத் தைராய்டு, ஒருத்திக்குக் கர்ப்பப்பையில் கட்டி. "ஏ டாக்டரு, இத என்னான்னு பாரும்மா" என்று சீட்டை நீட்டுவார்கள். அவளோ எதையும் அடித்துச் சொல்லமாட்டாள். "இதுல எழுதுனவங்க பேரே இல்ல, இது வேணாம்" என்று தள்ளுவாள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா காட்டித்தந்த ரெண்டு மூன்று பக்கங்களை மட்டும் போனில் திறப்பாள். கடைசியில், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்து அனுப்புவாள். பதில் கேட்டு வந்தவர்களுக்குக் கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறவளுக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு வயிறு எரிந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மீன் வரத்து கூடியிருந்த வாரம். ஏலம் எடுக்கிற இடத்தில் அம்மா கெளுத்தி முள்ளை மிதித்துவிட்டாள். மிதித்தது அவளுக்கே தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து, அது யார் கால் என்று கண்டுபிடித்தது பெரியம்மா மகள்தான். அதையும் அவளே முதலில் பார்த்துத் தொலைத்தாள்.

"வலிக்கலையா சித்தி?"

"இல்லையே."

அவள் முகம் மாறியது. போனை எடுத்துப் படித்தாள். "சக்கர இருக்கறவங்களுக்குக் காலு மரத்துப்போவுமாம். வலி தெரியாம போறதுதான் ஆபத்தாம். தண்ணியில ஊறவைக்கக் கூடாதுன்னு போட்ருக்கு. நாளைக்கே ஆஸ்பத்திரி போயிடணும் சித்தி."

நான் சிரித்தேன். வலிக்கிறது என்று ஆஸ்பத்திரி போவார்கள், வலிக்கவில்லை என்று யாராவது போவார்களா?

எங்கள் ஊரில் முள் குத்தினாலும் கயிறு கையை அறுத்தாலும் நேராகப் போய்க் கடலில் நிற்பார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் ஆறிவிடும். அப்பாவுக்கு எத்தனையோ தடவை ஆறியிருக்கிறது. போதாததற்கு அந்த வாரம் ஊர்ப் போன்களிலெல்லாம் ஒரு ஆம்பிளைக் குரல் சுற்றிக்கொண்டிருந்தது. ஏழு நாள் காலையும் மாலையும் கடல் தண்ணீரில் வைத்தால் எந்தப் புண்ணும் ஆறும், சர்க்கரைப் புண் உட்பட, என்று கணீரென்று சொல்லியது. எதிர்வீட்டு அண்ணனின் போனில் மூன்று தடவை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போய், அதே கணீரோடு அம்மாவிடம் ஒப்பித்தேன்.

அம்மா எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மீனு வர்ற நேரத்துல நான் போயி ஆஸ்பத்திரியில குந்திக்கிட்டா, நெரவியில வேற எவளாவது என் தெருவப் புடிச்சிடுவா. சின்னது சொல்றதும் சரிதான்."

சரிதான் என்ற அந்த ஒரு சொல்லை அன்று எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்.

ஆறு நாள், காலையும் மாலையும், அம்மாவின் கையைப் பிடித்து அலைவரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். பெரியம்மா மகள் கரையிலேயே நின்றாள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள்: விரல் சிவந்திருக்கிறது, விரல் கறுத்திருக்கிறது. "வா சித்தி, போயிடலாம் சித்தி" என்று அழுதுகூடப் பார்த்தாள்.

"வலியே இல்லங்கறேன், நீ வேற" என்றாள் அம்மா.

"பாத்தியா?" என்றேன் அவளிடம்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த ஆறு நாளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஏழாம் நாள் காலையில் அம்மாவுக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காலிலிருந்து ஒரு வாடை வந்தது. மீன் வாடைக்குப் பழகிய எங்களுக்கே அது வேறாகத் தெரிந்தது. பெரியம்மா மகள் யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய் ஆட்டோவோடு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சுண்டுவிரலை எடுக்க வேண்டும் என்றார். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்குமாம். எப்போதிலிருந்து என்று அவர் கேட்டதும் நோட்டை நீட்டினாள் பெரியம்மா மகள். வாங்கிப் பார்த்த நர்ஸ் அவள் கன்னத்தைத் தட்டி, "வூட்டுக்கு ஒரு புள்ள இப்புடி இருந்தாப் போதும்" என்றார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கடல் தண்ணியில வைக்கச் சொன்னது யாரும்மா?" என்றார் டாக்டர்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நோட்டு அவளுடையதாக இருக்கட்டும், அம்மா கேட்டது என் பேச்சைத்தானே. அதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். காய்ச்சல் கை, சுட்டது.

"யாரும் சொல்லலங்க. நானாத்தான். எங்க ஊருப் பழக்கம்ங்க."

டாக்டர் பெரியம்மா மகளைப் பார்த்தார். "நீதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கியே, யாரு சொன்னதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாதுங்க."

சாயங்காலம் கரை ஏறின கையோடு அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் தேம்பித் தேம்பி அழுதேன். பெரியம்மா மகள் என் தோளில் கையைப் போட்டு, "அழாதடி, காலு தப்பிச்சிடுச்சுல்ல" என்றாள். கையைத் தட்டிவிட்டேன். அம்மாவின் விரலுக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அதற்காக நான் அழவில்லை. ஒரே ஒரு தடவை அம்மா என் பேச்சைக் கேட்டாள், அதையும் ரெண்டு பேரும் சேர்ந்து இல்லை என்று ஆக்கிவிட்டார்களே என்றுதான் அழுதேன்.