ஒரு ஆளுக்கு வைத்த வெளிச்சம்

பொன்முடி தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பார்க்கும் ஞானதாஸுக்குத் தன் கைவேலையை யார் குறை சொன்னாலும் கோபம் வரும். தம்பானூரில் வாங்கிவந்த எல்.இ.டி. பல்பைப் பைக்கில் அவனே மாட்டினான். தொழிற்சாலைச் சுவரில் கோடு போட்டு, வண்டியில் உட்கார்ந்தபடி ஹெட்லைட்டைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தைக் கோட்டில் நிறுத்தினான். மனைவி எலிசாள் சர்ச்சுக்கும் சந்தைக்கும் பஸ்ஸில்தான் போவாள். பைக் அவனுக்கு மட்டும்.

அன்று இரவு எலிசாளுக்கு மூச்சு முட்டியது. எஸ்டேட் ஜீப் கீழே போயிருந்தது. அவளைப் பின்னால் ஏற்றி, விழாமலிருக்கத் தோர்த்துத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கினான்.

முதல் வளைவிலேயே சாலை தெரியவில்லை. அவள் பாரத்தில் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, வெளிச்சம் மேலே எழும்பி, மூடுபனியில் வெள்ளைச் சுவராக நின்றது. பிரேக் பிடித்தான். இருந்த இடத்திலிருந்தே குனிந்து, ஸ்பேனரால் ஹெட்லைட் போல்ட்டைத் தளர்த்தினான்.

"நான் இறங்கட்டா?"

"இறங்காத, கேட்டியா. நீ இருந்தாத்தான் வெளிச்சம் சரியா விழும்."

அவள் மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டாள். "இருபத்தாறு வருஷம்... நான் ஒருநாள் இதுல ஏறுவேன்னு நினைக்கவே இல்லையா?"

ஹெட்லைட்டைக் கீழே சாய்த்தான். சாலை தெரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தபோது அவள் தலை அவன் முதுகில் பாரமாகச் சாய்ந்தது.

இன்னும் பதினேழு வளைவுகள் இருந்தன.